வாட்டில்: ஒரு வேலி, ஒரு கோழி, ஒரு மரம்

வட்டக்கானல்ல ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து, எதிர்ல இருக்குற பெஞ்சுகூடத் தெரியலை. கடைக்கார அண்ணன் அடுப்புக்குள்ள ஒரு கட்டையைத் தள்ளிவிட்டார். ரூம்ல இண்டக்‌ஷன் அடுப்புல மேகி கிண்டுற பயலுக்கு விறகடுப்பைப் பார்த்தாலே ஒரு பரவசம் வருமே, அந்தப் பரவசத்துல கேட்டேன்: "என்ன மரம்ணே இது, இப்படி நின்னு எரியுது?"

"வாட்டில் தம்பி. இங்க சுத்தி எல்லாமே வாட்டில்தான்."

கூட வந்த ஈரோட்டு நண்பன் முழிச்சான். "வட்டிலா? சோறு திங்கறதா?" அவங்க ஊர்ப்பக்கம் வட்டில்னா சாப்பாட்டுத் தட்டு. அண்ணன் சிரிச்சுட்டார். "வட்டில் இல்லப்பா, வாட்டில். வெள்ளைக்காரன் கொண்டாந்த மரம்."

டவர் கிடைச்ச ஒரு நிமிஷத்துல போன்ல அகராதியைத் திறந்தேன். முதல் அர்த்தம்: குச்சிகளைப் பின்னிச் செய்யும் தட்டி, வேலி. இரண்டாவது: கோழி, வான்கோழி கழுத்துக்குக் கீழ தொங்குற சதை. மூணாவதாத்தான் ஆஸ்திரேலிய மரம். ஒரே பேர்ல மூணு ஃபங்ஷன்! நம்ம பொட்டி தட்டுற பாஷைல சொன்னா ஓவர்லோடிங். கம்பைலர் குழம்பாது, நான் குழம்பிட்டேன்.

இந்த மூணும் எப்படி ஒரே சொல்லுக்குள்ள வந்துச்சு, அந்தச் சொல் எப்படிப் பழனி மலை ஏறுச்சுன்னு ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல தோண்டினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ சொல்லிட்டு உட்காருங்க.

முதல்ல வேலி. பழைய ஆங்கிலத்திலேயே இருக்குற சொல் இது. நட்டுவச்ச கம்புகளுக்கு ஊடால வளையுற குச்சிகளை முன்னும் பின்னுமா கோத்துப் பின்னினா அது வாட்டில். நம்ம ஊர்ல ஆட்டுப்பட்டிக்கு வைக்கிற படல் ஞாபகம் இருக்கா? அதேதான். அந்தப் பின்னல் மேல களிமண்ணு, சாணி, வைக்கோல் கலந்து அப்பினா சுவர். நம்மாளுங்க வரிச்சு கட்டி மண் அப்புன மாதிரியே, இங்கிலாந்து கிராமத்தானும் நூற்றாண்டு நூற்றாண்டா அப்படித்தான் வீடு கட்டியிருக்கான். டப்ளின் நகரத்தோட ஐரிஷ் பேருக்கு அர்த்தமே, படல் போட்டு ஆத்தைக் கடக்குற துறையில இருக்குற ஊர்ங்கறதுதான். ஆக இந்தச் சொல் ஆரம்பத்துல ஒரு மரத்தோட பேரே இல்லை. கைவேலையோட பேர்.

அடுத்து கோழி. சேவலுக்குத் தலைமேல இருக்கறது கொண்டை, கீழ தொங்கறது தாடி. அந்தத் தாடிக்கு ஆங்கிலத்துல 16ஆம் நூற்றாண்டுலேர்ந்து வாட்டில்னு பேர். வயசானவங்களோட தொங்குற தாடையையும் அந்தக் காலத்துலயே கிண்டலா அப்படிச் சொல்லியிருக்காங்க. வயக்காட்டுல நம்மைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுமே ஆள்காட்டிக் குருவி, அதுக்கும் கண்ணோரத்துல இந்த சதை இருக்கறதால இங்கிலீஷ் பேர்லயே வாட்டில் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆனா இந்த வாட்டிலுக்கும் அந்த வேலிக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டா, சொல்லாராய்ச்சிக்காரங்க சந்தேகம்தான்னு கை விரிக்கிறாங்க. நம்ம கதைக்கும் கோழி இத்தோட சரி. அது மேயட்டும், நாம மரத்துக்குப் போவோம்.

1788 ஜனவரில இங்கிலாந்துக் கைதிகளை ஏத்திக்கிட்டு வந்த கப்பல்கள் சிட்னில கரை சேருது. வந்து இறங்கினவங்களுக்கு வீடு வேணும். செங்கல் இல்லை, சுண்ணாம்பு தட்டுப்பாடு. ஊர்ல தெரிஞ்ச வேலை என்ன? குச்சியைப் பின்னி மண்ணை அப்புறது. ஓடைக்கரைல வளைஞ்சு கொடுக்குற மெல்லிசான மரங்கள் நிறைய நின்னுச்சு. வெட்டினான், பின்னினான். பின்னுறதுக்கு ஆகுற மரம்ங்கறதால அதுக்கும் வாட்டில்னே பேர் வச்சுட்டான். சிட்னில பிளாக் வாட்டில் பே-ன்னு இன்னிக்கும் ஒரு இடம் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கை. அப்போ முதல்ல "கறுப்பு வாட்டில்"னு சொன்ன மரம் இன்னிக்கு நாம சொல்ற வாட்டில் வகையே கிடையாது. காலிகோமான்னு வேற ஒரு குடும்பத்து மரம். அதோட பூ உருண்டையா, பஞ்சு மாதிரி, அகேசியா பூவோட சாயல்ல இருக்கும். அகேசியாக் குச்சியையும் பின்னத்தான் செஞ்சாங்க. கொஞ்ச நாள்ல பேர் ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்குத் தாவி, அங்கயே தங்கிருச்சு. ஒரு வேலையோட பேர் மரத்துக்கு ஒட்டினா இப்படித்தான். எது எதையெல்லாம் வச்சு அந்த வேலையைச் செய்யலாமோ அது எல்லாமே வாட்டில்.

பின்னாடி அந்தக் குச்சி மரம் ஒரு தேசத்தோட சின்னமாவே ஆயிருச்சு. 1988ல தங்க வாட்டிலை ஆஸ்திரேலியா தன்னோட தேசிய மலரா அறிவிச்சது. 1992லேர்ந்து செப்டம்பர் 1 அங்க தேசிய வாட்டில் தினம். ஆஸ்திரேலிய கிரிக்கெட் டீமோட பச்சை-மஞ்சள் இருக்கே, அது இந்த இலையும் பூவும்தான். 2003 பைனல்ல நம்மளைப் புரட்டி எடுத்த அந்த மஞ்சள் சட்டைக்குப் பின்னாடி வட்டக்கானல் அடுப்புல எரியுற இந்த மரத்தோட பங்காளி இருக்கான்னு அன்னிக்கு எந்தப் பயலுக்குத் தெரியும்!

இனிமேதான் கதை நம்ம பக்கம் வருது, அதுவும் நேரா வரலை. தென்னாப்பிரிக்கா சுத்தி வருது.

வாட்டில் பட்டைல டானின் ஏகத்துக்கும் இருக்கு. கறுப்பு வாட்டிலோட காஞ்ச பட்டைல மூணுல ஒரு பங்குக்கு மேல டானின்தான். பச்சைத் தோல் அழுகாம, கெட்டியான தோலா மாறணும்னா அதுல இருக்குற புரதத்தை டானின் பிடிச்சுக் கட்டணும். அதுக்குப் பேர்தான் பதனிடறது. நம்ம ஊர்ல காலகாலமா இந்த வேலைக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரையோட ஆங்கிலப் பேர்லயே தோல் பதனிடறவன் இருக்கான். திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் தோல் தொழில் செழிச்சதுக்கு இந்தச் செடிகளுக்கும் பங்கு உண்டு.

1864ல ஜான் வாண்டர்பிளாங்க்னு ஒருத்தர் ஆஸ்திரேலியாலேர்ந்து கறுப்பு வாட்டில் விதையை நேட்டாலுக்குக் கொண்டுபோய் விதைச்சார். நிழலுக்கும் காத்துத் தடுப்புக்கும்தான். 1880கள்ல பட்டையோட மதிப்பு தெரியவந்ததும் அது பெரிய தோட்டப் பயிராச்சு. அதே நேட்டாலுக்கு, அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1860 நவம்பர் 16 அன்னிக்கு சென்னைலேர்ந்து ட்ரூரோங்கற கப்பல் போய்ச் சேர்ந்திருந்தது. ஒப்பந்தக் கூலிகளோட முதல் கப்பல். கரும்புக்காட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, தேயிலை, வாட்டில் தோட்டம்னு எல்லா இடத்துலயும் நம்மாளுங்க. பழனி மலைல வாட்டில் தோட்டம் பெருசா வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே ஆப்பிரிக்காவுல தமிழ்க் கை வாட்டில் பட்டையை உரிச்சிருக்கு. அந்தப் பட்டை கப்பலேறி நம்ம தோல் ஷாப்புகளுக்கும் வந்து சேர்ந்து, ஆவாரம்பட்டையோட இடத்தைப் பிடிச்சது.

பேர் விஷயத்துல இந்த மரம் அடிச்ச கூத்து இன்னும் இருக்கு. கறுப்பு வாட்டிலோட அறிவியல் பேர் அகேசியா மியர்ன்சி. மியர்ன்ஸ் ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர். கென்யாவுல நட்டு வளர்த்திருந்த மரத்துலேர்ந்து அவர் எடுத்த மாதிரியை வச்சு 1925ல பேர் வச்சாங்க. மரம் ஆஸ்திரேலியா, மாதிரி ஆப்பிரிக்கா, பேர் அமெரிக்கர். ஐடி கம்பெனி ப்ராஜெக்ட் மாதிரியே இருக்குல்ல?

அந்த அகேசியாங்கற முன்பாதியும் சும்மா வரலை. அது கிரேக்கச் சொல், எகிப்து நாட்டு முள்மரத்துக்கு வச்சது. அந்த முள்மரம் வேற யாருமில்லை, நம்ம கருவேலம்தான். (சீமைக்கருவேலம் இல்லைங்க, அது வேற பஞ்சாயத்து.) உலகம் முழுக்க இருக்குற இந்தக் கூட்டம் உண்மைல ஒரே பேரினம் இல்லைன்னு தெரிஞ்சதும், யாருக்கு அந்தப் பேர்னு தகராறு. ஆஸ்திரேலியாக்காரங்க கிட்டத்தட்ட ஆயிரம் இனம் வச்சிருக்காங்க. 2005ல வியன்னாவுல நடந்த தாவரவியல் மாநாட்டுல பேர் அவங்களுக்கே போச்சு. ஆப்பிரிக்காவுலேர்ந்து பலமான எதிர்ப்பு. 2011ல மெல்போர்ன்ல அதையே உறுதி பண்ணிட்டாங்க. கருவேலத்துக்கு இப்போ வாச்செல்லியான்னு பேர். சீயக்காய்க்கு செனகாலியா. யார் பேரோ அவனே வெளியே!

சரி, பழனி மலைக்கு வருவோம். 1821ல லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தார். 1845ல அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கொடைக்கானல்ல முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. 1863ல ஏரி. ஊர் வளர வளர அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேணும். சோலை மரங்கள் மெதுவா வளருற ஜாதி, வெட்டினா திரும்ப வர தலைமுறை ஆகும். வாட்டிலும் யூக்கலிப்டஸும் கிடுகிடுன்னு வளரும். அதனால 19ஆம் நூற்றாண்டுலயே ரெண்டும் மேல வந்துருச்சு. ஆனா அப்போ வீட்டைச் சுத்தி, ரோட்டோரம், அங்கங்க தோப்புன்னு இருந்தது.

வாட்டில் காடானது சுதந்திரத்துக்கு அப்புறம். 1950கள்லேர்ந்து 1980கள் வரைக்கும் நீலகிரியிலயும் பழனி மலையிலயும் அரசே வாட்டில் தோட்டம் போட்டுது. தோலுக்கு டானின் வேணும், வெளிநாட்டுலேர்ந்து வாங்குற பட்டையைக் குறைக்கணும், ஜனங்களுக்கு விறகும் வேணும். யோசிச்சுப் பார்த்தா தப்பான எண்ணம்னு சொல்ல முடியாது. எங்க நட்டாங்கங்கறதுதான் பிரச்சினை.

மேல் பழனில இயற்கையா இருக்கறது ரெண்டு. மடிப்புகள்ல, தண்ணி ஓடுற பள்ளங்கள்ல சோலை. மேட்டுல, சரிவுல புல்வெளி. சோலையை வெட்டறதுக்கு யோசிப்பாங்க, அது காடுன்னு பார்த்தாலே தெரியுதே. புல்வெளி? மரம் இல்லாத இடம். கணக்குப் புத்தகத்துல அது வேஸ்ட், நம்ம வருவாய்த்துறைத் தமிழ்ல தரிசு. சும்மா கிடக்குற இடத்துல மரம் நட்டா நல்லதுதானேன்னு நட்டுட்டாங்க.

இந்த இடத்துலதான் எனக்கு சுருக்குன்னுச்சு. சோலைங்கற நம்ம சொல்லை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கிச்சு. இன்னிக்கு எந்தத் தாவரவியல் புத்தகத்தை எடுத்தாலும் ஷோலா இருக்கும். பதிலுக்கு வாட்டிலை நமக்குக் கொடுத்துச்சு. ஆனா அந்தப் புல்வெளிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒரு சொல்லை வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அதுக்குக் கிடைச்ச பேர் எல்லாமே இல்லாததைச் சொல்ற பேர்: தரிசு, வெட்டவெளி, வேஸ்ட்.

நம்மகிட்ட சொல் பஞ்சமும் இல்லை. வட்டக்கானல், கொடைக்கானல் ரெண்டுலயும் இருக்குற கானலையே எடுத்துக்கோங்க. சங்கப் பாட்டுல கானல்னா கடற்கரைச் சோலை. சிலப்பதிகாரத்துல ஒரு காதைக்கே கானல்வரின்னு பேர். நம்ம பேச்சுல கானல் நீர்னா இல்லாத தண்ணி. மலை மேல ஊர்ப் பேர்ல வந்தா ஆளாளுக்குக் காடுன்னு அர்த்தம் சொல்றாங்க. கோடை வெயில்காலமும் ஆகும், மேல்காத்தும் ஆகும். வாட்டிலைப் பார்த்து சிரிச்ச நான், நம்ம கானலைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டேன்.

காட்டை அழிச்சதாலதான் அந்தப் புல் வந்துச்சுன்னு ஒரு பேச்சு உண்டு. நீலகிரில சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ஞ்சு சுகுமாரும் மத்தவங்களும் 1993ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 20,000 வருஷம் முன்னாடியே, பனியுகத்தோட உச்சத்துல, அந்த மலைகள்ல புல் இருந்திருக்கு. நம்ம விவசாயத்துக்கே மூத்தது. அதை நம்பி வரையாடு இருக்கு, நெட்டைக்காலிக் குருவி இருக்கு, குறிஞ்சி இருக்கு.

பழனி மலைப் புல்வெளியைப் பத்தி 2018ல வந்த ஒரு ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வச்சுக் கணக்குப் போட்டுச்சு. நாற்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி போயிருச்சு. காரணம் தோட்ட மரங்களும் விவசாயமும். அதே 2018லதான் குறிஞ்சி பூத்துச்சு. நான் அப்போ காலேஜ். பஸ் ஏறி வந்து, மலையெல்லாம் நீலமா இருக்கும்னு நினைச்சு, அங்கங்க திட்டுத்திட்டா பார்த்துட்டு, போட்டோவுக்கு நல்ல கோணம் கிடைக்கலைன்னு புலம்பிட்டுத் திரும்பினேன். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவுல நின்ன மரங்களைப் பார்த்து "ஆஹா, என்ன பசுமை"ன்னு வேற சொன்னேன். அது அத்தனையும் வாட்டில்னு இப்போதான் உறைக்குது. குறிஞ்சி இருந்திருக்க வேண்டிய இடத்தைத்தான் நான் ரசிச்சிருக்கேன்.

இதுக்கு நடுவுல தோல் தொழில் பெரும்பாலும் குரோமியத்துக்கு மாறிட்டுது. பட்டைக்கு இருந்த மவுசு குறைஞ்சது. 1988 தேசிய வனக் கொள்கை, காட்டை வருமானமா மட்டும் பார்க்காதேன்னு சொல்லிட்டுது. எதுக்காக நட்டாங்களோ அந்தத் தேவை போயிருச்சு, மரம் போகலை. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். தீப்பிடிச்சா, மண்ணைக் கிளறினா, மொத்தமா முளைக்கும். 2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது. 2022ல அந்நியத் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது.

அப்போ எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். வட்டக்கானல்ல பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர்னு ரெண்டு பேர் 1980கள்ல வந்து தங்கி, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை ஆரம்பிச்சு, பாம்பார் சோலைப் பக்கம் சோலை நாற்றுப் பண்ணையெல்லாம் வச்சு வேலை பார்த்தவங்க. டால்பின் மூக்கைப் பார்க்கவும், "லிட்டில் இஸ்ரேல்"ல ஷக்‌ஷூக்கா சாப்பிடவும் ஓடுற நம்மள்ல எத்தனை பேருக்கு அவங்களைத் தெரியும்? அவங்க கவனிச்சுச் சொன்ன விஷயம் முக்கியமானது. பழைய தோட்ட மரங்களோட நிழல்ல சோலைக் கன்றுகள் தானா முளைச்சு வருது. பறவை போட்ட விதை, வெயில் சுடாத நிழல், ஈரம் எல்லாம் கிடைக்குது. அந்த இடத்துல மரத்தை மொட்டையா வெட்டினா கன்றுகளும் சாகும், கிளறின மண்ணுல வாட்டில் விதைதான் முதல்ல எழும்பும்.

யோசிச்சுப் பாருங்க. சின்னக் கன்றைச் சுத்தி நின்னு காப்பாத்துறது எது? படல். அங்க நிக்கிற வாட்டில் தன்னோட முதல் அர்த்தத்துக்கே திரும்பிப் போயிருக்கு.

ஆனா அது சோலை வர்ற இடத்துக்கு மட்டும். புல்லுக்கு நிழல் ஆகாது. வாட்டிலுக்கு அடியில புல்வெளி திரும்ப வராது. இன்னும் புல்வெளி மிச்சமிருக்குற மன்னவனூர் பக்கத்துல புதுசா முளைக்குற வாட்டில் கன்றை இன்னிக்கே பிடுங்கணும். சோலைக் கன்று தலை தூக்கியிருக்குற பழைய தோட்டத்துல பொறுமையா இருக்கணும். ஒரே மரம், ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தம். அகராதியில மட்டும் இல்லை, தரையிலயும் அப்படித்தான் போல.

கிளம்புற அன்னிக்கு அந்த டீக்கடைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தேன். அண்ணன் கொஞ்சம் பீன்ஸ் போட்டிருந்தார். காட்டுமாடு வராம இருக்க சுத்தி வேலி. கம்பை நட்டு, நடுவுல மெல்லிசான குச்சிகளை முன்னும் பின்னுமா கோத்து, அழகான பின்னல்.

"என்ன குச்சிண்ணே?"

"அதான் சொன்னேன்ல தம்பி, எல்லாம் வாட்டில்தான்."

ஒரு இங்கிலாந்துக் கிராமத்தான் பார்த்தாலும் அதே பேரைத்தான் சொல்லியிருப்பான். அண்ணன் மரத்தைச் சொன்னார், அவன் பின்னலைச் சொல்லியிருப்பான். ரெண்டும் சரி. காட்டுமாடு அந்த வேலியை மதிக்குமான்னு கேட்டேன். "அதுக்கு எந்த பாஷையும் தெரியாது தம்பி"ன்னார் :-)

அடுத்த குறிஞ்சி 2030ல. இந்தத் தடவை கோணம் தேடாம, நடுவுல நிக்கிறது என்னன்னு பார்க்கணும். அதுக்குள்ள ஒரு உதவி. நீலகிரிப் பக்கம் வாட்டிலை சீகை மரம்னு சொல்றாங்க. உங்க ஊர்ல வேற பேர் இருந்தா சொல்லுங்க. அதைவிட முக்கியமா, அந்த மலைப் புல்வெளிக்கு தரிசுன்னு இல்லாம ஒரு நல்ல பேர், உங்க பாட்டியோ தாத்தாவோ சொன்னது, யாருக்காவது தெரிஞ்சா கட்டாயம் சொல்லுங்க. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: ஈரோட்டு நண்பன் இதைப் படிச்சுட்டு, "கடைசி வரைக்கும் வட்டில்ல சோறு போடவே இல்லையேடா"ன்னு கேட்டான். வீட்டுக்கு வாடா, போடறேன்.